சாவி யார் கையில்?

2020 ஜூன் 29 அன்று இரவு மத்திய அரசு 59 செயலிகளுக்குத் தடை போட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவைக் காட்டி, நாட்டின் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்லி வந்த அந்த உத்தரவில் டிக்டாக்கும் இருந்தது. இந்தியாவில் அப்போது சுமார் 20 கோடிப் பேர் அதைப் பயன்படுத்தி வந்தார்கள். ஓரிரு நாளில் செயலி திறப்பது நின்றுபோனது. விசைத்தறிக் கூடத்தில் நின்று பாடியவர்கள், மஞ்சள் காட்டில் ஆடியவர்கள், சந்தைக் கடையில் உட்கார்ந்து நையாண்டி பேசியவர்கள் என்று கொங்குப் பக்கத்திலும் எத்தனையோ பேரின் வீடியோக்கள் ஒரே வீச்சில் கண்ணுக்கு எட்டாமல் போயின. தடை சரியா தவறா என்பது வேறு வழக்கு. வீடியோ எடுத்தவருக்கும் பார்த்தவருக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது, அதன் சாவி இருவரிடமுமே இல்லை என்பது அன்றைக்குத்தான் பலருக்கும் உறைத்தது.

பிறகு என்ன நடந்தது? பெரும்பாலோர் யூட்யூபுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் போனார்கள். ஒரு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த தெருவில் இன்னொரு வாடகை வீடு பார்ப்பதுபோல.

கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே கடை போடுவதுதான் பிழைப்பு என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் இந்தப் பிழைப்புப் பேச்சுக்கு அடியில் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. பேச்சு தங்கும் இடம் பிறருடையதாக இருக்கும்போது, பேசுகிறவர் எவ்வளவு தூரம் சுதந்திரமானவர்? சமயவாதிகளும் சமய மறுப்பாளர்களும் தத்தம் வழியில் மல்லுக்கட்டிய கேள்வி இது. ஈரோட்டுக்கு இது புதிதல்ல. நூறாண்டுக்கு முன்பே இந்த ஊர் இதற்குத் தன் அளவில் ஒரு பதில் சொல்லியிருக்கிறது.

1925 மே 2 அன்று ஈரோட்டில் ‘குடி அரசு’ வார இதழ் தொடங்கியது. பெரியார் ஈ.வெ. ராமசாமியும் தங்கபெருமாள் பிள்ளையும் ஆசிரியர்கள். ‘உண்மை விளக்கம்’ என்ற பெயரில் சொந்த அச்சகம். சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கில் ஒன்றுக்கும் இதே பெயர்தான். பத்திரிகை நிலையத்தைத் திறந்து வைத்தவரோ திருப்பாதிரிப்புலியூர் மடத்தின் தலைவர் ஞானியார் அடிகள். பின்னாளில் கடவுள் மறுப்பின் குரலாக மாறிய ஏட்டின் கதவைத் திறந்தது சைவ மடாதிபதியின் கை. அன்றைய தமிழ்ப் பொதுவாழ்வின் அகலத்தைக் காட்ட இந்த ஒரு செய்தி போதும்.

இதில் கவனிக்க வேண்டியது காலக் கணக்கு. பெரியார் அப்போது காங்கிரஸ்காரர். வைக்கம் போராட்டத்தில் சிறை சென்று வந்தவர். வகுப்புரிமைத் தீர்மானத்துக்குக் காஞ்சிபுரம் மாநாட்டில் இடம் கிடைக்காமல் அவர் காங்கிரஸை விட்டு வெளியேறியது அதே ஆண்டு நவம்பரில். அதாவது, வெளியேறுவதற்கு ஆறு மாதம் முன்பே சொந்த அச்சகமும் சொந்த ஏடும் தயாராக இருந்தன. ஒருவேளை அவை இல்லாமல் இருந்திருந்தால், வெளியேறிய மறுநாள் அவர் சொல்ல வந்ததை யாருடைய பத்திரிகையில் அச்சிட்டிருக்க முடியும்? யாரிடம் இடம் கேட்டு நின்றிருக்க வேண்டும்? சுயமரியாதை என்ற கொள்கை தாளிலும் மையிலும் ஈயத்திலும் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தச் சொந்த வீடும் பாதுகாப்பான கோட்டையாக இருக்கவில்லை. 1933-இல் வெளிவந்த தலையங்கம் ஒன்றுக்காக அரசு வழக்குப் போட்டது. ஆசிரியர் பெரியாரும், பதிப்பாளராக இருந்த அவர் தங்கை எஸ்.ஆர். கண்ணம்மாளும் சிறை சென்றார்கள். நெருக்கடியில் ‘குடி அரசு’ நின்றபோது ‘புரட்சி’ என்ற பெயரில் வேறொரு ஏடு வந்தது. அதற்கும் நெருக்கடி வந்ததும் 1934-இல் ‘பகுத்தறிவு’ வந்தது. 1935-இல் மறுபடியும் ‘குடி அரசு’. பெயர்ப் பலகை மூன்று முறை மாறியும் வாசகர் கூட்டம் சிதறவில்லை. காரணம் எளிது. சந்தா கட்டியவரின் முகவரி, பத்திரிகை நடத்துகிறவரின் பேரேட்டில் இருக்கும். பெயரை அரசு பறிக்கலாம், பேரேட்டைக் கொண்டு அடுத்த வாரமே வேறு பெயரில் தபாலில் சேர்க்கலாம்.

இன்றைய சேனல்காரரின் நிலையை இதனுடன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து லட்சம் சப்ஸ்கிரைபர் வைத்திருப்பவருக்கு அந்தப் பத்து லட்சம் பேரில் ஒருவருடைய தொலைபேசி எண்கூடத் தெரியாது. யாருக்கு வீடியோவைக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்று நிறுவனத்தின் கணினிக் கணக்குத் தீர்மானிக்கிறது. விதிமீறலுக்கான ‘ஸ்ட்ரைக்’ 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். மேல்முறையீடு உண்டு, ஆனால் அதை விசாரிப்பதும் அதே நிறுவனம்தான். விதிகள் தவறு என்பது இங்கே பேச்சில்லை. பல விதிகள் தேவையானவை. குழந்தைகளுக்குக் கேடு செய்யும் வீடியோவை யாராவது நீக்கத்தான் வேண்டும். ஆனால் விதி எழுதுவதும், குற்றம் சாட்டுவதும், தீர்ப்புச் சொல்வதும் ஒரே கையாக இருக்கும் இடத்தில் வாழ்கிறவரின் மனதுக்குள் ஒரு காவலாளி வந்து குடியேறிவிடுகிறார். கொலை, தற்கொலை என்ற சொற்களை வாயில் வராமல் தவிர்ப்பது, பாதிச் சொல்லை ‘பீப்’ போட்டு மூடுவது, விளம்பரத்துக்கு மஞ்சள் குறி விழுமோ என்று தலைப்பை மாற்றுவது எல்லாம் இப்போது தொழில் பழக்கமாகிவிட்டன. சாதி ஆணவக் கொலையைப் பற்றிப் பேசும் ஒருவர், ‘கொலை’ என்ற சொல்லைச் சொல்ல யோசிக்க வேண்டியிருக்கிறது. இது பணத்தால் அளக்கக்கூடிய நட்டம் இல்லை.

2018 ஜூனில் நடந்த ஒன்றை இங்கே விரிவாகவே சொல்லலாம். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் பிளெண்டர் அறக்கட்டளை, முப்பரிமாண அசைவூட்டப் படங்கள் செய்யும் மென்பொருளை இலவசமாக, மூலநிரலோடு தருகிறது. தாங்கள் எடுத்த குறும்படங்களையும் பாட வீடியோக்களையும் யூட்யூபில் வைத்திருந்தார்கள். விளம்பரம் வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. திடீரென ஒருநாள் உலகம் முழுக்க அவர்கள் வீடியோக்கள் திறக்கவில்லை. விளம்பரம் இல்லாத சேனலுக்குப் புது ஒப்பந்தம் வேண்டும் என்பதில் வந்த சிக்கல் அது. எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் இலவசப் பாட வீடியோக்களும் அதே நேரத்தில் மறைந்தன. சில நாளில் எல்லாம் திரும்பி வந்தன. ஆனால் பிளெண்டர்காரர்கள் அதற்குள் சொந்த சர்வரில் பியர்ட்யூப் என்ற மென்பொருளை நிறுவி, தங்கள் வீடியோக்களை அங்கே ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். யூட்யூபையும் விடவில்லை. சந்தையில் கடை இருக்கட்டும், சரக்கு நம் வீட்டில் இருக்கட்டும் என்ற ஏற்பாடு.

பியர்ட்யூப், பிரான்சில் ஃப்ராமாசாஃப்ட் என்ற சிறிய சங்கம் நன்கொடையில் உருவாக்கியது. முதல் முழுப் பதிப்பு 2018 அக்டோபரில் வந்தது. யாரும் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம், தங்கள் விதியைத் தாங்களே எழுதலாம். ஒரு ஊரின் சர்வரில் இருக்கும் வீடியோவை, அதனோடு இணைந்த இன்னொரு ஊரின் சர்வரிலிருந்தும் பார்க்கலாம். ஒரே வீடியோவை ஒரே நேரத்தில் பலர் பார்த்தால், பார்ப்பவர்களின் கருவிகளே துண்டு துண்டாக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டு சர்வரின் சுமையைக் குறைக்கும்.

இந்தச் சுமை சின்னதல்ல. முழு எச்.டி. தரத்தில், நொடிக்கு 8 மெகாபிட் அளவில் எடுத்த பத்து நிமிட வீடியோ ஒன்று 600 மெகாபைட் பிடிக்கும். நூறு வீடியோ என்றால் 60 ஜிகாபைட். ஒரே ஒரு வீடியோவை ஆயிரம் பேர் அதே தரத்தில் முழுசாகப் பார்த்தால் 600 ஜிகாபைட் வெளியே போக வேண்டும். யூட்யூப் இதற்கெல்லாம் காசு கேட்பதில்லை, மேற்கொண்டு விளம்பர வருமானத்தில் 55 சதவீதமும் தருகிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டது. தமிழில் முதல் முறை. சொந்த சர்வர் கட்டி முடித்த பிறகுதான் அடுப்புப் பற்றவைப்போம் என்று அவர்கள் உட்கார்ந்திருந்தால், உலகம் அவர்களைப் பார்த்தே இருக்காது. சந்தையின் இந்த நன்மையை மறுப்பவர் ஏழைக் கலைஞரின் நிலைமை தெரியாதவர்.

சரி, இடமே வேண்டாம் என்று துறந்தவர்கள் என்ன செய்தார்கள்? கொங்கு நாட்டில் இதற்குக் கல்லிலேயே பதில் இருக்கிறது. சமணத் துறவி உடைமை வைத்துக்கொள்ளக் கூடாது, ஓரிடத்தில் நிலையாகத் தங்கவும் கூடாது. ஆனால் மழைக்காலத்தில் அவரும் எங்காவது ஒதுங்கத்தானே வேண்டும். கரூர் பக்கம் புகழூர் ஆறுநாட்டான் மலையில், யாற்றூர்ச் செங்காயபன் என்ற மூத்த சமணருக்குச் சேரர் குலத்துப் பெருங்கடுங்கோவின் மகன் இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் பெற்றபோது கல்லை அறுத்துப் படுக்கை செய்து கொடுத்ததைத் தமிழ் பிராமிக் கல்வெட்டு சொல்கிறது. கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் இருக்கின்றன. நிபந்தனை எதுவும் இல்லை.

ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகும் சாலையில் அறச்சலூர். அங்கே நாகமலைக் குகையில், புலவர் செ. இராசு கண்டறிந்து உலகுக்குச் சொன்ன கல்வெட்டு இன்னும் வியப்பானது. த, தை, தா, தே என்ற ஆடல் சொற்களை வரிக்கு ஐந்தாக ஐந்து வரி வெட்டியிருக்கிறார்கள். இடமிருந்து வலம் படித்தாலும் மேலிருந்து கீழ் படித்தாலும் ஒன்றுபோலவே வரும். தமிழ் பிராமி வட்டெழுத்தாக உருமாறும் காலத்து எழுத்து. அதைச் சேர்த்தவர் பெயரும் பக்கத்திலேயே இருக்கிறது: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். சமணர் படுக்கைகள் உள்ள குகையில் ஒருவர் தன் தாளக்கட்டைப் பதிந்து வைத்துவிட்டுப் போனார். ஒன்றரை ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் யாரும் அதை நீக்கவில்லை. துறவிக்கு வேண்டியது உடைமை இல்லை, எழுந்து போ என்று யாரும் சொல்லாத ஓரிடம். கலைஞருக்கும் அவ்வளவே வேண்டும்.

கல்லுக்குக் கிடைத்த ஆயுள் ஓலைக்குக் கிடைக்கவில்லை. பெருந்துறைக்கு அப்பால் விசயமங்கலத்தைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் கொங்குவேளிர் எழுதிய ‘பெருங்கதை’ உ.வே. சாமிநாதையர் கைக்கு வந்தபோது முதலும் இல்லை, முடிவும் இல்லை. 1924-இல் அப்படியே பதிப்பித்தார். தேவாரத்தின் கதையும் தெரிந்ததுதான். சிதம்பரம் கோயிலில் பூட்டிய அறையைத் திறந்தபோது ஓலைகளில் பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்தது என்று சைவ மரபு சொல்கிறது. கோயில் சொந்த வீடுதான், பூட்டும் பத்திரமானதுதான். ஆனால் பிரதி எடுத்து நாலு ஊருக்கு அனுப்பாத எதுவும் பூட்டுக்குள்ளேயே மட்கிப்போகும். சொந்த சர்வர் வைக்க நினைப்பவர்கள் முதலில் செலவழிக்க வேண்டியது இதற்கு: இன்னொரு ஊரில் ஒரு பிரதி.

இத்தனையும் ஒருவரால் ஆகாது, ஒரு கூட்டம்தான் செய்ய முடியும். கூட்டம் என்றால் கொங்கில் ஆயத்தமாக இரண்டு முன்மாதிரிகள் உண்டு.

ஒன்று நெசவாளர் கூட்டுறவு. நூல் கொடுத்துத் துணி வாங்கிக்கொள்ளும் முதலாளி கூலியையும் அவரே முடிவு செய்வார். அந்தப் பிடியிலிருந்து வெளியேவர, சென்னிமலை போன்ற ஊர்களில் தறிக்காரர்கள் சங்கம் அமைத்தார்கள். நூலைச் சங்கம் தந்தது, துணியை விற்க 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருந்தது. குறைகள் பல இருந்தும், தறிக்காரர் ஒரு பங்குதாரராக உட்கார்ந்து கேள்வி கேட்கும் இடம் ஒன்று உருவானது. வெளிநாட்டில் 2019-இல் தொடங்கிய நெபுலா என்ற வீடியோ தளமும் கிட்டத்தட்ட இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். யூட்யூபில் பெயர் பெற்றவர்கள் சேர்ந்து சந்தா வாங்கி நடத்துகிறார்கள், வருமானத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

மற்றொன்று கோயில் வரி. மாரியம்மன் நோன்பி சாட்டினால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். எல்லோரும் கொடுக்கிறார்கள், எல்லோருக்கும் கோயில் சொந்தம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஊரோடு பகைத்த குடும்பத்திடம் வரி வாங்க மாட்டார்கள். வரி வாங்காவிட்டால் அந்தக் குடும்பம் ஊருக்கு வெளியே என்று பொருள். சில சாதிக்காரர்களிடம் வரி கேட்பதே கிடையாது, ஏனென்றால் அவர்கள் வாசலுக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது என்பது ஏற்பாடு. யூட்யூபின் ஸ்ட்ரைக்குக்குக் காரணமாவது மின்னஞ்சலில் வருகிறது. ஊர் தள்ளி வைப்பதற்குக் காரணம் எழுதித் தருவதில்லை.

இந்த இடத்தில்தான் கேள்வி கூர்மையாகிறது. பெருநிறுவனத்திடமிருந்து விடுபட்டு நம்மவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டால் சுதந்திரம் வந்துவிடுமா? திருச்செங்கோடு 2015 ஜனவரியில் இதற்குப் பதில் சொன்னது. பெருமாள்முருகன் 2010-இல் எழுதிய ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராக ஊரில் கடையடைப்பு நடந்தது. ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் அவர் பணிய வேண்டியிருந்தது. எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாக அவரே முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகே அவர் எழுத்துக்குத் திரும்பினார். அவர் வாயை அடைத்தது தூரதேசத்துக் கம்பெனி இல்லை. சொந்த மண், சொந்த மக்கள். அந்த நாளில் கொங்கு வீடியோ கலைஞர்களுக்கென ஒரு பொதுத் தளம் இருந்து, ஊர்ப் பெரியவர்கள் அதன் நிர்வாகக் குழுவில் இருந்திருந்தால், அந்த நாவலைப் பற்றிப் பேசும் வீடியோ எத்தனை மணி நேரம் அங்கே தங்கியிருக்கும்?

ஆகவே சொந்த வீடு வேண்டும் என்று மட்டும் சொல்வது அரைகுறை. வீட்டைவிட்டு வெளியேறுகிறவர், தான் செய்ததையும் தன்னைத் தேடி வருகிறவர்களின் முகவரியையும் கையோடு எடுத்துக்கொண்டு போக முடியுமா என்பதுதான் கேட்க வேண்டியது. டிக்டாக்கில் முடியவில்லை. யூட்யூபில் வீடியோவை எடுத்துப் போகலாம், பார்வையாளரை எடுத்துப் போக முடியாது. ஊர்க்கட்டுப்பாட்டில் இரண்டுமே முடியாது. ‘குடி அரசு’ ‘புரட்சி’யாகவும் ‘பகுத்தறிவு’ ஆகவும் மாறியபோது முடிந்தது. தனித்தனி வீடுகள், நடுவில் பாதை என்ற பியர்ட்யூபின் அமைப்பு மற்றவற்றைவிட மேலாகத் தெரிவது இதனால்தான். ஒரு குழு தள்ளி வைத்தால் அடுத்த ஊரில் தனியாக ஒரு சர்வர் போட்டுக்கொண்டு, அதே பாதையில் பார்வையாளரிடம் போய்ச் சேர வழி இருக்கிறது. காஞ்சிபுரம் பந்தலைவிட்டு வெளியே வந்தவருக்கு ஈரோட்டில் அச்சகம் இருந்ததுபோல.

கொங்கில் இதற்குத் தேவை இருக்கிறதா என்று கேட்டால், வள்ளிக்கும்மியைப் பார்த்தாலே தெரியும். 2024-இல் வள்ளி ஒயில் கும்மிக்காகக் கோவைப் பெரியவர் பத்திரப்பன் பத்மஸ்ரீ பெற்றார். பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஊர் ஊராக நடக்கும் அரங்கேற்றங்களின் வீடியோக்கள் இன்று பல சேனல்களில் சிதறிக் கிடக்கின்றன. 1965-இல் கனடா மானிடவியலாளர் பிரெண்டா பெக் கொங்குக் கிராமத்தில் தங்கி அண்ணன்மார் கதையை இரவிரவாக ஒலிநாடாவில் பதிந்தார். அந்தப் பதிவு இருப்பதால்தான் அன்றைய உடுக்கடிப் பாட்டு எப்படி ஒலித்தது என்று இன்றும் கேட்க முடிகிறது. இன்று ஒவ்வொரு கைபேசியும் ஓர் ஒலிநாடா. பதிவதற்குக் குறைவில்லை, வைப்பதற்குத்தான் இடமில்லை. இலங்கைத் தமிழர்கள் 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்நூலகம், எழுத்து ஆவணங்களுக்கு அப்படியோர் இடத்தை நன்கொடையாலும் தன்னார்வலர் உழைப்பாலும் கட்டி இருபது ஆண்டாக நடத்துகிறது. வீடியோவுக்குச் செலவு கூடுதல் என்பதைத் தவிர, அங்கே முடிந்தது இங்கே முடியாமல் போகக் காரணம் இல்லை.

இப்படி ஒரு சங்கம் சேர்ந்தால் முதல் கூட்டத்திலேயே எழுதி முடிக்க வேண்டிய ஒரு விதி உண்டு. அதற்கும் ‘குடி அரசு’தான் சாட்சி. பெரியார் மறைந்து முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து, பெரியார் திராவிடர் கழகம் பழைய ‘குடி அரசு’ எழுத்துகளைத் தொகுத்து வெளியிட முனைந்தது. பதிப்புரிமை தங்களுக்கே என்று பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் உயர் நீதிமன்றம் போனது. ஒரே ஆசானின் மாணவர்கள் அவருடைய சொல்லுக்காக எதிரெதிரே நின்றார்கள். 2009-இல் நீதிபதி கே. சந்துரு தடை விதிக்க மறுத்தார், தொகுதிகள் வெளிவந்தன. சொந்த அச்சகம், சொந்த ஏடு எல்லாம் வைத்திருந்தவரின் எழுத்துக்கே இந்த நிலை வந்தது. நாலு ஊர்ச் சேனல்காரர்கள் சேர்ந்து வைக்கும் தளத்தில், எடுத்தவர் இறந்துவிட்டால் அந்த வீடியோ பிள்ளைகளுக்கா, சங்கத்துக்கா, பார்க்கிற எல்லோருக்குமா என்பதை, எடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே அவர் கையெழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.